எண்ணிப் பார்த்தல்: இணையத்தளத்தின் வருகைக் கணக்கு

நுழையும்முன்

‘எண்ணுதல்’ என்னும் சொல் கணக்கிடுதலையும் குறிக்கும்; சிந்தித்தலையும் குறிக்கும். கணக்கிட்டதோடு நின்றுவிடாமல், கணக்கிட்டதன் பொருளையும் ஆராய வேண்டும் என்பதை அச்சொல்லே நினைவூட்டுகிறது. ஓர் இணையத்தளத்திற்கு நாள்தோறும் வருவோரை எண்ணிக் காட்டும் கருவிகள் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை எதனை எண்ணுகின்றன, எவ்வாறு எண்ணுகின்றன, அவ்வுதவிக்கு ஈடாக எதனைப் பெற்றுக்கொள்கின்றன என்பவற்றை அறிந்த பின்னரே அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதற்கான வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லில் பொறித்த கணக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்துள்ள ஊர் திருமுக்கூடல். ஆறுகளின் கூடலே ஊருக்குப் பெயராயிற்று. இவ்வூரிலுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் (கி.பி. 1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்விச்சாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்னும் பெயர் கொண்ட ஆதுலர்சாலை ஆகியவற்றுக்குரிய செலவுத் திட்டத்தை அக்கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. ஆதுலர்சாலை என்பது இன்றைய மருத்துவமனை.

அம்மருத்துவமனையில் 15 நோயாளிகள் தங்குவதற்கு வகை செய்யப்பட்டிருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மருந்துக்குரிய மூலிகைகளைக் கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் எனப் பணியாளர்களும் வகுக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொருவருக்கும் உரிய நெல், காசு ஆகியவற்றின் அளவும், ஓராண்டிற்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் பட்டியலிடப்பட்டுள்ளன.

இக்கணக்கில் இரண்டு பண்புகள் கருதத்தக்கவை. முதலாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பயன் உண்டு. 15 என்னும் எண்ணைக் கொண்டுதான் எவ்வளவு நெல் ஒதுக்குவது என்று முடிவு செய்ய இயலும். இரண்டாவது, அம்முடிவுக்குத் தேவைப்படாத செய்தி அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. பதினைந்து பேருக்கு உணவளிக்க அவர்களுடைய பெயரோ நோயோ கல்லில் பொறிக்கப்பட வேண்டுவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இணையத்தளம் நடத்துவோர் மேற்கொள்ளும் வருகைக் கணக்கையும் இவ்விரு பண்புகளைக் கொண்டே அளந்தறியலாம்.

எண்ணிக்கையின் தேவை

காஞ்சிப் பட்டு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய பட்டுச் சேலைகளை நெய்யும் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், தன் சேலைகளைக் காட்சிப்படுத்த ஓர் இணையத்தளம் தொடங்குவதாகக் கொள்வோம். தளத்தின் அடியில் ஓர் எண்ணி பொருத்தப்படுகிறது. ஒரு மாத முடிவில் அது 6,000 என்று காட்டுகிறது. அதனைக் கண்ட சங்கத்தார், ஆறாயிரம் பேர் தம் சேலைகளைப் பார்த்தனர் என்று மகிழ்கின்றனர். தளத்தின் முதற்பக்கத்தில் இடம்பெற்ற நிறத்திற்கே வரவேற்பு மிகுதி எனக் கருதி, அந்நிறத்தில் கூடுதலாக நூலுக்குச் சாயமேற்ற முற்படுகின்றனர்.

இம்முடிவு எளியதன்று. ஒரு பாவு தறியில் ஏற்றப்பட்டுவிட்டால் அதே நிறத்தில் சில சேலைகளை நெய்து முடித்தாக வேண்டும். பட்டு நூலும் சரிகையும் விலை மிக்கவை. ஒரு சேலையை நெய்து முடிக்கக் குடும்பத்தினர் பல நாள்கள் உழைக்க வேண்டும். விற்காத சேலையில் சங்கத்தின் முதலும் நெசவாளரின் கூலியும் முடங்கிவிடும். எனவே, 6,000 என்னும் அவ்வெண் உண்மையில் எதனைக் குறிக்கிறது என்று அறிவது ஒரு குடும்பத்தின் அடுத்த மாத வாழ்வோடு தொடர்புடையதாகிறது.

எது எண்ணப்படுகிறது?

வருகைக் கணக்கில் நான்கு அளவுகள் பெரிதும் வழங்குகின்றன. அவற்றை ஒன்றோடொன்று மயங்கக்கொள்வதே பிழைகளுக்கெல்லாம் முதற்காரணம்.

முதலாவது, கோரிக்கை. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவி அப்பக்கத்தை மட்டும் கேட்பதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கேட்டுப் பெறுகிறது. பதினைந்து சேலைப் படங்கள் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தால், குறைந்தது பதினாறு கோரிக்கைகள் பதிவாகும். இதனை ‘ஹிட்’ என்பர். இவ்வளவு மிகப் பெரிய எண்ணாகத் தோன்றும். வருகையாளரைப் பற்றி எதுவும் கூறாது.

இரண்டாவது, பக்கப் பார்வை. ஒரு பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை இது காட்டும். ஒருவரே ஒரு பக்கத்தைப் பத்து முறை திறந்தால் பத்துப் பார்வைகள் ஆகும்.

மூன்றாவது, அமர்வு. ஒருவர் தளத்திற்குள் நுழைந்து சில பக்கங்களைப் பார்த்து வெளியேறும் வரையிலான ஒரு வருகை இது. முப்பது நிமிடங்கள் செயல் ஏதும் நிகழாவிடில் அமர்வு முடிந்ததாகக் கொள்ளுதல் பரவலான வழக்கம்.

நான்காவது, தனி வருகையாளர். குறிப்பிட்ட காலத்திற்குள் வந்த வெவ்வேறு ஆள்கள் எத்தனை பேர் என்று கூற முயலும் அளவு இது. ‘முயலும்’ என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. கருவியால் ஆளைக் காண இயலாது. ஆள் பயன்படுத்தும் உலாவியையே காண இயலும். ஒருவர் கைப்பேசியில் ஒருமுறையும் கணினியில் ஒருமுறையும் வந்தால் இருவராகக் கணக்கிடப்படுவார். ஒரே கைப்பேசியைக் குடும்பத்தினர் நால்வர் பயன்படுத்தினால் நால்வரும் ஒருவராகிவிடுவர்.

மேற்கூறிய சங்கத்தின் 6,000 என்னும் எண் பக்கப் பார்வையைக் குறிப்பதாகக் கொண்டு, அதனைப் பகுத்துப் பார்க்கலாம். இங்குக் கூறப்படும் எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. 6,000 பார்வைகளுள் 2,400 பார்வைகள் தேடுபொறிகளும் பிறவும் அனுப்பும் தானியங்கி நிரல்களால் நிகழ்ந்தவை. 600 பார்வைகள் தளத்தை வடிவமைத்தவரும் சங்கப் பணியாளரும் சரிபார்க்கத் திறந்தவை. எஞ்சியவை 3,000. ஓர் அமர்வில் சராசரியாக ஐந்து பக்கங்கள் பார்க்கப்பட்டிருப்பின், அவை 600 அமர்வுகளாகும். திரும்பத் திரும்ப வந்தோரை நீக்கினால் 400 உலாவிகள் தேறும். அவற்றுள் 60 உலாவிகளில் மட்டுமே விலை விவரப் பக்கம் திறக்கப்பட்டது. தொலைபேசியில் அழைத்து வினவியோர் 12 பேர். சாயமேற்றும் முடிவை எடுக்க உதவுவது 6,000 என்னும் முதல் எண்ணன்று. 60, 12 ஆகிய இறுதி எண்களும், அப்பன்னிருவர் எந்த நிறத்தைக் கேட்டனர் என்னும் செய்தியுமே ஆகும்.

எண்ணும் முறைகள் மூன்று

வருகையை எண்ணும் கருவிகள் பலவாயினும், அவை இயங்கும் முறைகளை மூன்றாக வகைப்படுத்தலாம்.

முதல் முறை, பட எண்ணி. இது 1990களில் பெருவழக்காக இருந்தது. தளத்தின் அடியில் ஒரு சிறு படம் வைக்கப்படும். அப்படம் எண்ணிச் சேவை தரும் வேறொரு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கும். பக்கம் திறக்கப்படும்போதெல்லாம் உலாவி அப்படத்தைக் கேட்கும். அந்நிறுவனத்தின் வழங்கி ஒன்றைக் கூட்டி, புதிய எண்ணைப் படமாக அனுப்பும். பொருத்துவதற்கு எளிது; காண்பதற்கும் அழகு. எனினும், பல எண்ணிகளில் தொடக்க எண்ணை உரிமையாளரே அமைத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து தொடங்காமல் ஐம்பதாயிரத்திலிருந்தும் தொடங்க இயலும். ஆதலால் தளத்தின் அடியில் ஒளிரும் பெரிய எண் எதற்கும் சான்றாகாது.

இரண்டாம் முறை, வழங்கிப் பதிவேட்டை ஆராய்தல். இணையத்தளத்தைத் தாங்கி நிற்கும் வழங்கி, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு கோப்பில் ஒவ்வொரு வரியாக எழுதிவைக்கிறது. கேட்ட கருவியின் இணைய முகவரி, நாள், நேரம், கேட்கப்பட்ட பக்கம், எந்தப் பக்கத்தின் இணைப்பைத் தொடர்ந்து வந்தது, எவ்வகை உலாவி ஆகிய விவரங்கள் பொதுவாக அவ்வரியில் இருக்கும். இப்பதிவேட்டைப் படித்து அட்டவணையாகத் தரும் மென்பொருள்கள் உள்ளன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995ஆம் ஆண்டு இசுடீபன் டர்னர் உருவாக்கிய ‘அனலாக்’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் வந்த ‘ஏடபிள்யூஸ்டாட்ஸ்’ இன்றும் பல வழங்கிகளில் கட்டணமின்றி இணைத்துத் தரப்படுகிறது. இம்முறையில் பதிவேடு தளத்தின் வழங்கியை விட்டு வெளியே செல்வதில்லை. ஆனால், தானியங்கி நிரல்களின் வருகையும் இதில் கலந்துவிடுவதால் எண்கள் மிகையாகத் தோன்றும்.

மூன்றாம் முறை, தடமறி நிரல். தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சேர்க்கப்படும். பக்கத்தைத் திறந்தவரின் உலாவி அந்நிரலை இயக்கி, விவரங்களைச் சேவை நிறுவனத்திற்கு அனுப்பும். அயர்லாந்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஸ்டாட்கவுன்ட்டர்’ இம்முறையைப் பரவச் செய்தவற்றுள் ஒன்று. 2005ஆம் ஆண்டில் ‘அர்ச்சின்’ என்னும் நிறுவனத்தை வாங்கிய கூகுள், அவ்வாண்டு நவம்பரில் ‘கூகுள் அனலிட்டிக்ஸ்’ சேவையைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. அதன் பின்னர் இம்முறையே பெருவழக்காயிற்று. தானியங்கி நிரல்களுட் பல இந்நிரலை இயக்குவதில்லை. எனவே அவை பெரும்பாலும் தாமாகவே விலக்கப்படுகின்றன. ஆனால், விளம்பரத் தடுப்பியைப் பயன்படுத்தும் மனிதர்களும் எண்ணப்படாமல் விடுபடுகின்றனர்.

ஒரே தளத்தில், ஒரே நாளில், இம்மூன்று முறைகளையும் பயன்படுத்தினால் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும். அவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை எண்ணியது என்பதே உண்மை. ஆகையால், ஒரு கருவியைத் தேர்ந்த பின்னர் அதனையே தொடர்ந்து பயன்படுத்தி, ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிடுவதே முறை. ஒரு கருவி காட்டும் எண்ணை வேறொரு கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடலாகாது.

ஊரைக் காட்டும் விவரத்திலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். இணைய முகவரியைக் கொண்டு வருகையாளரின் ஊரைக் கருவிகள் ஊகிக்கின்றன. கைப்பேசி இணைப்பில் இவ்வூகம் தவறுவது இயல்பு. வாலாசாபாத்தில் இருந்துகொண்டு தளத்தைப் பார்ப்பவர், கணக்கில் சென்னையைச் சேர்ந்தவராகத் தோன்றக்கூடும்.

இலவசத்தின் விலை

கருவிக்குப் பணம் செலுத்தவில்லை என்பதால் அதற்கு விலையே இல்லை என்று கொள்ளலாகாது. அவ்விலை மூன்று வடிவங்களில் வரும்.

ஒன்று, விளம்பரம். இலவச எண்ணிகள் சில, தம் நிரலுக்குள் பிற தளங்களுக்கான இணைப்புகளை மறைத்துவைத்திருந்த காலம் உண்டு. சேலைக்கென அமைந்த தளம், அதனை நடத்துவோர் அறியாமலேயே தொடர்பில்லாத வணிகத்திற்கு வழிகாட்டியாக நின்றது.

இரண்டு, நிலையாமை. இலவசச் சேவையை நடத்துவோர் அதனை எப்பொழுது வேண்டுமாயினும் நிறுத்தலாம், மாற்றலாம். கூகுள் அனலிட்டிக்சின் பழைய வடிவம் 2023 ஜூலை 1 முதல் இலவசப் பயனர்களுக்குப் புதிய விவரங்களைப் பதிவு செய்வதை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு பழைய விவரங்களைக் காணும் வழியும் மூடப்பட்டது. உரிய காலத்தில் படியெடுத்து வைக்காதவர்கள் பல்லாண்டுக் கணக்கை இழந்தனர். மாதந்தோறும் சுருக்கமான படியொன்றைத் தம்மிடமே சேமித்துவைத்தல் இதற்குத் தீர்வாகும்.

மூன்று, வருகையாளரின் தனியுரிமை. இதுவே முதன்மையானது, பலராலும் கவனிக்கப்படாததும் இதுவே. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி ‘குக்கி’ என்னும் உத்தியை உருவாக்கினார். ஒரு தளம் தன் நினைவுக்காக உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பே குக்கி. கடைக்காரர் ஒருவர், மீண்டும் வரும் வாடிக்கையாளரை அறிந்துகொள்ள ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புவது போன்றது அது. அச்சீட்டு அந்தக் கடைக்குள் மட்டும் பயன்படும் வரையில் குறையில்லை. ஆனால், ஒரே நிறுவனத்தின் தடமறி நிரல் பல இலட்சம் தளங்களில் பொருத்தப்பட்டிருந்தால், அந்நிறுவனத்தால் அவ்வருகைகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க இயலும்.

ஒருவர் காலையில் ஒரு நோயைப் பற்றிப் படிக்கிறார். நண்பகலில் நகைக்கடன் பற்றிய பக்கத்தைப் பார்க்கிறார். மாலையில் திருமணச் சேலைகளைப் பார்க்கிறார். தனித்தனியே நோக்கினால் இவை மூன்று பக்கப் பார்வைகள். ஒருங்கே நோக்கினால் ஒரு குடும்பத்தின் துயரும் தேவையும் வெளிப்படுகின்றன. சேலையைக் காணவந்தவரின் மூன்றாம் செய்தியைத் தருபவர் அந்த நெசவாளர் சங்கத்தாரே. தாம் தருகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருப்பதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

கருவிகள் சேகரிக்கும் விவரத்தின் அளவும் வேறுபடும். எண்ணிக்கையை மட்டும் காட்டுவன உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘கிளாரிட்டி’ போன்றவை, வருகையாளர் திரையில் எங்கெங்குத் தொட்டார், எவ்வளவு தொலைவு நகர்த்தினார் என்பதையும் பதிவு செய்து மீண்டும் ஓட்டிக் காட்டும். அத்தகைய நுண்மை பெரிய வணிகத் தளத்தைச் செப்பனிட உதவலாம். பள்ளியின் தளத்திற்கோ கோயில் தலவரலாறு கூறும் தளத்திற்கோ அது வேண்டப்படுவதன்று.

தமிழ் விக்கிப்பீடியா காட்டும் வழி

ஆளை அறியாமலேயே வருகையை அறிய இயலுமா என்னும் வினாவிற்குத் தமிழ் இணைய உலகிலேயே விடை உண்டு. 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர்களின் உழைப்பால் 2017ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதன் ஒவ்வொரு கட்டுரையும் நாள்தோறும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்னும் கணக்கை 2015 ஜூலை முதல் எவரும் காணலாம். மனிதர் பார்வைகளும் தானியங்கி நிரல்களின் பார்வைகளும் அக்கணக்கில் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன.

எத்தனை கருவிகள் வந்தன என்பதை அறிய விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மேற்கொள்ளும் முறை நுட்பமானது. அது உலாவியில் ஒரு குக்கியை வைக்கிறது. அக்குக்கியில் ஆளுக்குரிய அடையாள எண் ஏதும் இல்லை; இறுதியாக வந்த நாள் மட்டுமே உள்ளது. அடுத்த முறை வரும்போது அந்நாள் இன்றைய நாளாக இருந்தால், அக்கருவி இன்று முன்னரே எண்ணப்பட்டது என்று பொருள். நேற்றைய நாளாகவோ அதற்கு முந்தையதாகவோ இருந்தால், இன்றைய கணக்கில் ஒன்று கூட்டப்படுகிறது. எண்ணுவதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது; யார் வந்தார் என்பது அறியப்படாமலே நிற்கிறது. மேலும், இவ்வளவுக்குத் ‘தனிக் கருவிகள்’ என்றே பெயரிடப்பட்டுள்ளது. கருவியை எண்ணிவிட்டு ஆளை எண்ணியதாகக் கூறாத நேர்மை அப்பெயரில் இருக்கிறது.

சட்டம் கூறுவது

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தரவுகளைப் பெறுவதற்கான ஒப்புதல், வற்புறுத்தலின்றி, தெளிவாக, நோக்கம் இன்னது என்று அறிந்து அளிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று. எனவே, புரியாத மொழியிலமைந்த நீண்ட அறிவிப்புக்குக் கீழ் ‘ஏற்கிறேன்’ என்று தொடச் செய்வது உண்மையான ஒப்புதலாகாது.

பதினெட்டு வயது நிறைவடையாதோரை அச்சட்டம் குழந்தைகள் என்று வரையறுக்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. மேனிலைப் பள்ளி மாணவருள் மிகப் பெரும்பாலோர் இவ்வரையறைக்குள் அடங்குவர். ஆகவே, மாணவர்கள் தம் பள்ளிக்காகவோ மன்றத்திற்காகவோ தளம் அமைக்கும்போது, அதில் பொருத்தும் கருவி தம் வகுப்புத் தோழர்களையே பின்தொடரக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிற நாடுகளிலும் இச்சிந்தனை வலுப்பெற்று வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. 2022ஆம் ஆண்டில் ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள், அந்நாட்டுத் தளங்கள் சில கூகுள் அனலிட்டிக்சைப் பயன்படுத்திய முறை அவ்வொழுங்குமுறைக்கு ஒவ்வாதது என்று முடிவு செய்தன. வருகையாளரின் விவரங்கள் போதிய காப்பின்றி அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டதே அதற்குக் காரணம்.

தேர்ந்தெடுக்கும் முறை

கருவியைத் தேர்வதற்கு முன்னர்ச் சில வினாக்களை வரிசையாக எழுப்பி விடை காண்பது நலம்.

1. இவ்வெண்ணைக் கொண்டு எந்த முடிவை எடுக்கப் போகிறோம்? முடிவு எதுவும் இல்லையெனில் எண்ணியும் தேவையில்லை.

2. அம்முடிவுக்கு எந்த அளவு போதும்? பக்கப் பார்வையா, அமர்வா, ஒரு குறிப்பிட்ட பக்கம் திறக்கப்பட்டமையா?

3. விவரங்கள் எங்குச் சேமிக்கப்படுகின்றன? நம் வழங்கியிலா, பிறர் வழங்கியிலா? எவ்வளவு காலம்?

4. தானியங்கி நிரல்களையும் தளத்தாரின் சொந்தப் பார்வைகளையும் கருவி விலக்கித் தருகிறதா?

5. கணக்கைப் படியெடுத்துக்கொள்ள வழி உண்டா?

6. குறைந்த விலைக் கைப்பேசியிலும் மெதுவான இணைப்பிலும் பக்கம் தாமதமின்றித் திறக்கும் அளவிற்கு நிரல் சிறியதா?

7. சேகரிக்கப்படும் விவரத்தை வருகையாளருக்கு எளிய தமிழில் இரண்டு வரிகளில் கூற இயலுமா? கூறத் தயக்கம் ஏற்படுமாயின், அக்கருவியைத் தவிர்ப்பதே தக்கது.

இவ்வினாக்களுக்கு ஏற்பக் கருவிகளை ஒப்பிடலாம். வழங்கியிலேயே இணைந்து வரும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் சிறிய தளங்களுக்குப் போதுமானது. குக்கி இன்றி வருகைகளை எண்ணும் ‘கோட்கவுன்ட்டர்’ சிறு தளங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2007ஆம் ஆண்டில் ‘பிவிக்’ என்னும் பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய ‘மட்டோமோ’வைச் சொந்த வழங்கியில் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம், விவரங்கள் நம்மிடமே இருக்கும். ஆனால், அதனை அவ்வப்போது புதுப்பித்துப் பேணத் தெரிந்த ஒருவர் வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸ் விரிவான பகுப்பாய்வைத் தருகிறது. விளம்பரத்திற்குப் பெருந்தொகை செலவிடும் நிறுவனங்களுக்கு அது பயன்படும். எந்தக் கருவியும் எல்லோருக்கும் சிறந்ததன்று, எல்லோருக்கும் தீயதுமன்று. நோக்கத்திற்கு ஏற்றதா என்பதே அளவுகோல்.

முன்னர்க் கூறிய நெசவாளர் சங்கத்திற்குத் தேவைப்படுவன இரண்டே விவரங்கள்: எந்தச் சேலைப் பக்கங்கள் மிகுதியாகத் திறக்கப்பட்டன, அவற்றிலிருந்து எத்தனை பேர் விலை விவரப் பக்கத்திற்குச் சென்றனர். எளிய கருவி ஒன்றே இவற்றைக் காட்டிவிடும். அத்துடன், தொலைபேசியில் அழைப்போரிடம் எந்தச் சேலையைக் கண்டு அழைத்தனர் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், எந்தத் தடமறி நிரலும் தராத தெளிவு கிடைக்கும். அதன் பின்னர்ச் சாயமேற்றும் நிறத்தை முடிவு செய்யலாம். தளத்தின் அடியில் பெரிய எண் ஒளிர வேண்டுவதில்லை.

திருமுக்கூடல் கல்வெட்டு 15 நோயாளிகளுக்கான இடத்தைக் கூறுகிறது. அவ்வெண் எவரையும் வியக்கவைக்க எழுதப்பட்டதன்று. பதினாறாமவர் வந்தால் இடமில்லை என்பதையும், பதினைவருக்குக் குறைவின்றி உணவும் மருந்தும் உண்டு என்பதையும் பொறுப்புடையோர் அறிந்து செயலாற்றவே அது பொறிக்கப்பட்டது. இணையத்தளத்தின் வருகைக் கணக்கும் அத்தகையதாக அமைதல் வேண்டும். எண்ணப்படுவது தெளிவாக இருத்தல், எண்ணுவதன் நோக்கம் நேரியதாக இருத்தல், எண்ணப்படுவோரின் மறைவுக்கு ஊறு நேராதிருத்தல் ஆகிய மூன்றும் அமைந்த கணக்கே பயன்தரும் கணக்காகும்.

கற்பவை கற்றபின்

1. கோரிக்கை, பக்கப் பார்வை, அமர்வு, தனி வருகையாளர் ஆகியவற்றை உங்கள் பள்ளி நூலகத்தின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு விளக்குக.

2. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை சென்ற மாதம் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதைக் கண்டறிந்து, எந்த நாளில் பார்வை மிகுந்தது, அதற்குக் காரணம் என்னவாகலாம் என்று எழுதுக.

3. உங்கள் பள்ளிக்கென ஓர் இணையத்தளம் அமைப்பதாகக் கொண்டு, அதில் வருகை எண்ணி தேவையா, தேவையற்றதா என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நடத்துக.

4. வருகையாளரிடம் ஒப்புதல் கோரும் அறிவிப்பு ஒன்றை, உங்கள் வீட்டில் உள்ள மூத்தோர் ஒருவருக்கும் புரியும் வகையில் எளிய தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.